சாம்பார் சிந்தாத தும்பி

தும்பி கட்டிய என் அண்ணாவுக்கு,

சாப்பிட்டாயா என்று கேட்க வாய் வருகிறது. பழக்கதோஷம். நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம்தான் திதி கொடுத்தோம். ஐயர் உன் பேரைக் கேட்டபோது உன் மகள் நித்யா யோசிக்காமல் "தும்பி ராஜகோபால்" என்றாள். அவரும் அப்படியே சொல்லிவிட்டார். நீ செய்த காரின் பேரோடு சேர்த்துத்தானே உன்னை இந்த ஊருக்குத் தெரியும்?

உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதையும் சொல்ல வேண்டும். நடுவில் குறுக்கே பேசாதே. நீ பேச ஆரம்பித்தால் கார்புரேட்டரில் போய்த்தான் நிற்பாய்.

வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு வேலூரிலிருந்து சிகந்திராபாத்துக்கு வந்த குடும்பம் நம்முடையது. மாதச் சம்பளம் தவிர வேறு எதையும் நம்பாத வம்சம். பாலாநகரில் உனக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தபோது அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்தார். அதை விட்டுவிட்டு நீ சின்னதாய் ஒரு கார் செய்து விற்கப் போகிறேன் என்றதும், பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, "ஒடம்பு கிடம்பு சுடுதாடா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. வரைபடத்தைப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

தும்பிக்கு ஒரே ஒரு கதவு. அதுவும் இடது பக்கம். வலது பக்கம் கதவு வைத்தால் நம்ம ஊர் சந்துகளில் ஆட்டோக்காரன் பெயர்த்துக்கொண்டு போய்விடுவான் என்பது உன் கட்சி. ஆகவே ஓட்டுகிறவர் முதலில் ஏறி நகர்ந்துகொள்ள வேண்டும், கடைசியில் இறங்க வேண்டும். ஊரோ ஹைதராபாத். வாசலில் நின்றுகொண்டு "நீங்க முன்னாடி", "இல்ல இல்ல, நீங்க" என்று கை காட்டியே விருந்துக்கு நேரமாக்குகிற ஊர். முதல் தும்பியை வாங்கிய டாக்டர் சாகிப், மரியாதைக்காகக் குடும்பத்தையெல்லாம் முதலில் ஏற்றிவிடுவார். பிறகு தான் ஏற வழியில்லாமல் எல்லாரையும் இறக்குவார். வண்டி இருந்த வரைக்கும் அவர் அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ளவே இல்லை.

பின்சீட்டு இன்னும் விசேஷம். அது பின்பக்கம் பார்த்திருக்கும். பெரியவர்களுக்குக் குமட்டும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பின்னால் வருகிற லாரி, சைக்கிள், எருமை எல்லாவற்றுக்கும் கை ஆட்டிக்கொண்டே போகலாம். நித்யா வளர்ந்ததே அந்தச் சீட்டில்தான். நாம் போன ஊர்களை அவள் பார்த்ததில்லை, விட்டு வந்த ஊர்களைத்தான் பார்த்தாள்.

இதெல்லாம் போகட்டும். நம்ம கம்பெனியின் சோதனை முறையைச் சொன்னால் யாராவது நம்புவார்களா?

அல்வால் வீட்டில் அண்ணி தினமும் நம்ம பாலாநகர் ஃபேக்டரி ஆட்கள் எல்லாருக்கும் சமைப்பாள். புதிதாய் முடிந்த வண்டியை நான் பாலாநகரிலிருந்து ஓட்டி வருவேன். திரும்பும்போது முன்சீட்டில் பெரிய எவர்சில்வர் தூக்கு, விளிம்பு வரை சாம்பார், மூடி கிடையாது. மூடக் கூடாது என்பது உன் உத்தரவு. சாம்பார் சிந்தாமல் பாலாநகர் போய்ச் சேர்ந்தால் வண்டி பாஸ். சிந்தினால் வண்டியை மறுபடி பிரிக்க வேண்டும். ஃபோர்மேன் மல்லேஷ் தூக்குக்குள் எட்டிப் பார்த்து, "அக்கா, ஈ ரோஜு சாம்பார் தக்குவ" என்று உதட்டைப் பிதுக்கினால், இன்றைக்கு அளவு குறைந்திருக்கிறது, எல்லாருக்கும் ரசம்தான், எல்லாருக்கும் ஓவர்டைம்தான் என்று அர்த்தம்.

பெண்பிள்ளை கார் ஓட்டுவதையே நின்று பார்க்கிற காலம் அது. நான் புதுக்கார் ஓட்டினேன், அதுவும் சாம்பாரோடு. என் வாழ்க்கையில் அதைவிடப் பெருமையான வேலை எனக்குப் பிறகு கிடைக்கவில்லை அண்ணா. இதை நீ இருந்தபோதே சொல்லியிருக்கலாம்.

நல்ல காலமும் இருந்தது. மாரேட்பள்ளியில், தார்நாகாவில், எங்கே திரும்பினாலும் ஒரு மஞ்சள் தும்பி நிற்கும். பிள்ளைகள் அடம்பிடித்தே அப்பாக்களை நம்ம ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். ஒரு தெலுங்குப் படத்தில் காமெடி நடிகர் தும்பியின் ஒற்றைக் கதவில் மாட்டிக்கொண்டு தவிக்கிற மாதிரி ஒரு சீன் வந்தது. ஊரே சிரித்தது. ஆர்டர் குவிந்தது. நீ ஃபேக்டரிக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் வேப்பங்கன்று வைத்து, எல்லாருக்கும் நீலச் சட்டை தைத்துக் கொடுத்தாய்.

அண்ணிக்கு ஒரு தும்பி என்று பேச்சு எப்போதும் இருந்தது. "அடுத்தது ஒனக்குத்தான்" என்பாய். அடுத்ததையும் யாராவது வாங்க வந்துவிடுவார்கள். அவள் சமைத்த சாம்பார் தும்பியில் ஏறாத நாள் இல்லை. அவள் ஏறினதே இல்லை.

ஒருநாள் அவள் தூக்கை என் கையில் கொடுத்துக்கொண்டே உன்னிடம் கேட்டாள். "ஏங்க, தெனமும் வசந்தாவும் சாம்பாருமே போறாங்களே. ஒரு நாளாச்சும் எல்லாரும் ஒக்காந்து ஓட்டிப் பாக்க வேணாமா?"

நீ சிரித்தாய். "சாம்பாரே சிந்தல, மனுஷன் எங்க சிந்தப் போறான்?" என்றாய். நானும் சிரித்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அவள் கேட்டதுதான் கேள்வி. அப்போது நான் காற்றடித்தால் பறக்கிற உடம்பு. என்னையும் ஒரு தூக்கையும் நம்பி நீ வண்டியின் பாரம் தாங்குகிற ஸ்பிரிங் பட்டைகளை வைத்தாய். வாங்கியவர்களோ பிரியாணி சாப்பிட்டு வளர்ந்த தாராளமான குடும்பங்கள். நாலு பேர் ஏறியதும் வண்டி தாழ்ந்துவிடும். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு ஆளாளுக்குப் போட்டுக்கொண்ட ஸ்பீட் பிரேக்கர். ஒவ்வொன்றிலும் வண்டியின் அடிவயிறு டர்ர்ரென்று இழுக்கும். வண்டி வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வரும். படத்தில் சிரித்த ஊர் ரோட்டிலும் சிரித்தது. சிரிப்புக்கு நடுவில் மனைவி மக்களோடு இறங்கி நிற்க யாருக்குப் பிடிக்கும்? அதே சமயம் பெரிய கம்பெனிகளின் கார்கள் நாலு கதவோடு வந்து இறங்கின. நீ பட்டையை மாற்ற வரைபடம் போட்டு முடிப்பதற்குள் ஆர்டரே நின்றுவிட்டது. ஷட்டர் இறங்கியது. மல்லேஷ் அந்த நீலச் சட்டையோடுதான் அழுதான்.

"நான் அன்னைக்கே சொன்னேனே" என்று அண்ணி ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதுதான் உன்னை அதிகம் குத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றும். சரிதானா?

விற்காமல் நின்ற கடைசி வண்டியை அல்வால் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் கொண்டுவந்து விட்டாய். அதன் பிறகு வருஷக்கணக்காக மத்தியானமெல்லாம் அதன் அடியில்தான் படுத்துக் கிடந்தாய். கேட்டால் "கொஞ்சம் வேலை இருக்கு" என்பாய். துக்கத்தை அப்படிக் கழிக்கிறாய் என்று நாங்கள் நினைத்தோம். அண்ணி நித்யாவிடம் காப்பி கொடுத்தனுப்புவாள். தான் கொட்டகைப் பக்கம் வர மாட்டாள்.

உன்னை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்தின வாரம், நீ சமையலறை வாசலில் நின்று அவளைக் கேட்டாயாம். "ஒரு ரவுண்டு போலாமா?" அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நக்கோ, வேணாம். எனக்கு வேல கீது" என்றாளாம். நீ மறுபடி கேட்கவில்லை. இதை அவள் எனக்குச் சொன்னது உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, அரிசி புடைத்துக்கொண்டே. அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆனால் இந்த ஒரு வருஷமாக அவள் சரியாகத் தூங்குவதில்லை அண்ணா. கொட்டகைப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதும் இல்லை.

இனிதான் சேதி.

வீட்டை அபார்ட்மெண்ட் கட்டக் கொடுத்துவிட்டோம். கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். கச்சிபௌலியில் ஆபீசுக்கும் மீட்டிங்குக்கும் நடுவில் நித்யாதான் எல்லாம் பார்க்கிறாள். பாலாநகரில் பழைய இரும்பு வாங்குகிற ஒருவரிடம் பேசி முடித்தாள். நான் முகம் சுளித்ததும், "வதிலேயண்டி அத்தை" என்றாள். விட்டுவிடுங்கள் என்கிறாள். "அம்மா அதைப் பாக்கும்போதெல்லாம் ஷி இஸ் இன் பெயின். நீங்க பாக்கலையா?" நானும்தான் பார்த்தேன்.

வண்டி ஓடினால் ஓட்டியே வந்துவிடுங்கள் என்றார் இரும்புக்காரர். மல்லேஷ் இப்போது பாலாநகரிலேயே சின்னதாய் ஒரு மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். வந்து புது பேட்டரி மாட்டி, கார்புரேட்டரைக் கழுவி, உயிர் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் காலை நான் ஏறி நகர்ந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். நித்யா பின்சீட்டில், முட்டியை மடக்கிக்கொண்டு, பின்பக்கம் பார்த்து.

அப்போது அண்ணி வந்தாள். கையில் தூக்கு. மூடி இல்லை.

"மல்லேஷ் நேத்து ஒண்ணும் சாப்புடாம பூட்டான். அங்க போற வழியிலதானே அவன் ஷெட்டு?" என்றாள். "குடுங்க அண்ணி, நான் கொடுத்துடறேன்" என்றேன். அவள் கொடுக்கவில்லை. தூக்கை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். "ஓட்டு. இது போறதுக்கு முன்னாடி ஒரு தபா ஏறிக்கிறேன்."

தெருக்கோடி ஸ்பீட் பிரேக்கர் உனக்குத் தெரியும். அதில் இழுபடாத தும்பி கிடையாது. நாங்கள் மூன்று பேர், நான் இப்போது பறக்கிற உடம்பும் இல்லை, அண்ணி எப்போதும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் வரவில்லை.

அடுத்ததிலும் வரவில்லை. அதற்கடுத்த மேட்டில் நான் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக விட்டேன். வண்டி தூளி மாதிரி ஏறி இறங்கியது. பின்னாலிருந்து நித்யா, "அத்தை, ஏமைந்தி? என்ன ஆச்சு? இது நம்ம வண்டிதானா?" என்றாள். அண்ணி தூக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மல்லேஷ் ஷெட்டில் நிறுத்தியதும் அவனை அடியில் பார்க்கச் சொன்னேன். முந்தின நாள் எஞ்சினை மட்டும்தான் பார்த்தானாம். குனிந்து டார்ச் அடித்துவிட்டு, வெளியே வர நேரம் எடுத்துக்கொண்டான். "பட்டை எல்லாம் புதுசுக்கா. நாலு பக்கமும். ஒண்ணொண்ணா அறுத்து, வளைச்சு, கையாலயே செஞ்சிருக்காரு சார். ஃபுல் ஃபேமிலி ஏறினாக்கூட ஒண்ணும் ஆவாது" என்றான்.

அண்ணி இறங்கவில்லை. மடியிலிருந்த தூக்கின் விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள். விரலில் ஒரு சொட்டும் ஒட்டவில்லை.

"நான் கேட்டதுக்கு இவ்ளோ வருஷம் கழிச்சுப் பதில் சொன்னாரா?" என்றாள். பிறகு, "என் எடை அவருக்கு எப்பிடித் தெரியும்? நான்தான் ஏறவே இல்லியே" என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நித்யா பின்சீட்டிலிருந்து எம்பி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மல்லேஷ் வேறு பக்கம் திரும்பி எதையோ துடைத்துக்கொண்டிருந்தான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உன்மேல் கோபப்பட்டேன். இன்னொரு தடவை கேட்டிருந்தால் என்ன அண்ணா? அவள் வந்திருப்பாளே. ஏன் கேட்காமல் போனாய்?

இரும்புக்காரர் போன் அடித்தபடியே இருந்தார். நித்யா அதை எடுத்து, "நை, நக்கோ. காடி நை தேரே" என்று வைத்துவிட்டாள். வண்டி தருவதாக இல்லை. மல்லேஷ் சாம்பாரை ஊற்றிக்கொண்டு, பழைய வழக்கப்படி முதலில் தூக்குக்குள் எட்டிப் பார்த்தான். "பாஸ்" என்றான்.

புது அபார்ட்மெண்டில் நமக்கு இரண்டு பார்க்கிங் இடம். ஒன்று தும்பிக்கு என்று அண்ணி பில்டரிடம் நேரிலேயே சொல்லிவிட்டாள். அதுவரை மல்லேஷ் ஷெட்டில் நிற்கும். நேற்று மத்தியானம் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே, "வசந்தா, ஒரு ரவுண்டு போலாமா?" என்று கேட்டாள். எனக்கு வேலை இருந்தது. தும்பி சாவியை எடுத்தேன்.

இனி அவள் எப்போது கேட்டாலும் எனக்கு வேலை இருக்காது அண்ணா. இது என் சத்தியம். அவள் கேட்காத நாளில் நான் கேட்பேன். அவள் வேண்டாம் என்றால், மறுபடியும் கேட்பேன்.

முதலில் ஏறி, கடைசியில் இறங்கும்
உன் தங்கை,
வசந்தா