மடியில் கனம்

தோட்டத்து ஆஸ்பத்திரி,
பத்து பாகாட்,
3 மார்ச் 1933

திரு. மணியம் அவர்களுக்குத் தனலெட்சுமி எழுதுவது.

நான்கு வருஷம் கழித்து என் கையெழுத்தைக் கண்டு பதற வேண்டாம். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். நீங்கள் இன்னும் அதே துப்பாக்கிக் கடையில்தான் வேலை பார்க்கிறீர்கள் என்று உங்கள் தங்கை ராஜம்மா சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன். கடைக்கு வந்த யாரோ ஒருத்தி கேட்கிறாள் என்று நினைத்துப் பதில் போடுங்கள்.

எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் பேச்சியம்மாள் என்று ஒரு பால்வெட்டுக்காரி. ஏழு மாதக் கர்ப்பம். மரத்தைச் சரியாக வெட்டவில்லை என்று செல்லப்பன் கங்காணி அவள் வயிற்றில் உதைத்தான். குழந்தை செத்துப் பிறந்தது. மருத்துவச்சியான என் கையில்தான் வந்து விழுந்தது. பூட்ஸ் ஆணியின் தடம் அவள் வயிற்றில் அப்படியே இருந்தது. "தடுக்கி விழுந்தாள்னு எழுதிடுங்க லா" என்று வந்து நின்றான் அவன். நான் கண்டதைத்தான் பதிவேட்டில் எழுதினேன்.

மே பதினைந்தாம் தேதி வழக்கு. அவளையும் என்னையும் விட்டால் வாய் திறக்க ஆளில்லை. அவனோ ஜாமீனில் திரிகிறான். போன வாரம் ரப்பர்க் காட்டு வழியில் பாராங்கத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் கூடவே நடந்து வந்தான். நான் தினமும் மூன்று கல் தொலைவு தனியாக நடக்கிறவள்.

ஒரு பெண்பிள்ளை வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளக்கூடிய சின்னத் துப்பாக்கி எது?

தனலெட்சுமி

•

சிங்கப்பூர்,
8 மார்ச் 1933

தனலெட்சுமிக்கு,

யாரோ ஒருத்திக்கு எழுதுவதுபோல் உனக்கு எழுத எனக்கு வராது. முதலில் புருஷனாகச் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடு.

நீ வரமாட்டாய், தெரியும். ஆகவே கேட்கிறேன். அதை எங்கே வைத்துக்கொள்வாய், பையிலா உடம்பிலா? கையை விரித்தால் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை எத்தனை அங்குலம்? வேலை நேரத்தில் குந்துவாயா, குனிவாயா? கடைக்கு வரும் தொரைமார் எல்லாரும் எதில் பெரிய குண்டு என்றுதான் முதலில் கேட்பார்கள். மறைத்து வைக்கிற துப்பாக்கிக்கு அதைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். நாள் முழுக்க உடம்பில் இருக்க இடைஞ்சலானால் மூன்றாம் நாளே அது பெட்டிக்குள் போய்விடும். போனால் இருந்தும் இல்லாததுதான்.

இன்னொன்று. போலீஸ் லைசென்ஸ் இல்லாமல் ஒரு தோட்டாகூட என் கையிலிருந்து வராது. தோட்டத்துத் தொரையிடம் கடிதம் வாங்கிக்கொண்டு பத்து பாகாட்டில் மனுக் கொடு.

மணியம்

•

பத்து பாகாட்,
14 மார்ச் 1933

அன்புடையீர்,

"வேலையா, நானா?" என்று நீங்கள் கேட்ட அன்றே பதில் சொல்லியாகிவிட்டது. அதைத் திரும்பத் திரும்பக் கிளற வேண்டாம்.

பை ஆகாது. பிரசவ வீட்டில் பையைத் தரையில்தான் வைப்பேன், பிள்ளைகள் கையை விடும். உடம்பில்தான் வேண்டும். சேலைக்கு உள்ளே இடது இடுப்பில் ஒரு பை தைத்துக்கொள்வேன். விரித்த கை ஏழேகால் அங்குலம். குந்துவதும் குனிவதும்தான் என் பிழைப்பே. உள்ளங்கை எப்போதும் வேர்த்துக்கொண்டே இருக்கும், அது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

தனலெட்சுமி

•

சிங்கப்பூர்,
27 மார்ச் 1933

தனத்துக்கு,

பெட்டியைத் திறந்ததும் பயந்துவிடாதே. மூன்றும் மரம். கடையில் இருக்கிறவற்றை அளந்து நானே செதுக்கினேன். உள்ளே ஈயம் ஊற்றியிருப்பதால் கனமும் அசலைப் போலவே இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு வாரம் கட்டிக்கொண்டு வேலை பார்.

தட்டையாக உள்ளங்கைக்குள் அடங்குகிறது பார், அது சின்ன பிஸ்டல். மறைக்க அதைப்போல் வேறில்லை. ஆனால் முதல் குண்டை ஏற்ற மேல்பாகத்தை இன்னொரு கையால் இழுக்க வேண்டும். ஏற்றியே வைத்துக்கொண்டு குனிந்து நிமிர்கிற வேலை உனக்கு வேண்டாம். தோட்டா நமத்து வெடிக்காமல் போனாலும் இரண்டு கையும் வேண்டும். அதன் அண்ணன்தான் அடுத்தது. குண்டு பெரிது, கனமும் கூட. மூன்றாவது, ஐந்து குண்டு பிடிக்கும் குட்டை ரிவால்வர். நடுவில் கொஞ்சம் புடைத்திருக்கும். ஆனால் அடிக்கிற சுத்தி உள்ளேயே இருப்பதால் துணியில் மாட்டாது. ஒன்று வெடிக்காவிட்டால் இன்னொரு தரம் விசையை அழுத்து, அடுத்தது வந்து நிற்கும். அழுத்தக் கொஞ்சம் பலம் வேண்டும், தவறி அழுந்தாது என்பதால் அதுவும் நல்லதற்கே.

எது என்று நான் சொல்லமாட்டேன். உன் இடுப்புதான் சொல்ல வேண்டும். சுடுவது என்று தீர்மானிக்கும்வரை விரல் விசைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். அதை மரத்திலேயே பழகு.

மணியம்

•

பத்து பாகாட்,
21 ஏப்ரல் 1933

அத்தானுக்கு,

அண்ணன்காரனை இரண்டே நாளில் கழற்றி எறிந்தேன். குந்தினால் விலா எலும்பில் குத்துகிறான். சின்னது சுகமாக இருந்தது. கட்டியிருப்பதே மறந்துபோகும். ஆனால் வெள்ளையம்மா பிரசவத்தன்று ஒரு கையில் பிள்ளைத் தலை இருந்தபோதுதான் நீங்கள் எழுதியது புரிந்தது. எனக்கு இரண்டு கையும் சும்மா இருக்கும் நேரம் குறைவு. ரிவால்வர்தான். புடைப்பு தெரியாமலிருக்கக் கொசுவத்தில் ஒரு மடிப்பைக் கூட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர், "என்னாம்மா, சதை போட்டுட்டீங்க போல?" என்று மட்டும் கேட்டார்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்குத் தலைகீழாக இருக்கிறது. மரத்தைக் கட்டிக்கொண்டு நடக்கும்போதே முதுகு நிமிர்கிறது.

லைசென்ஸ் கிடைத்துவிட்டது! போலீஸ் அதிகாரி துவான், "பெண்களுக்கு இதுவரை கொடுத்ததில்லையே" என்றார். "மூன்று கல் காட்டு வழியில் நடந்து பிரசவம் பார்க்கிற ஆம்பிளை இருந்தால் அவருக்கே கொடுங்கள்" என்றேன். மொழிபெயர்த்த குமாஸ்தா கிராணி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். துவான் தொரையின் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, இன்னார் பெண்சாதி என்று இல்லை.

சிங்கப்பூரிலிருந்து கடற்பாலம் தாண்டித் துப்பாக்கியைக் கொண்டுவர அனுமதிச் சீட்டு இதோடு இருக்கிறது. நீங்களே கொண்டுவந்தால் நல்லது.

தனம்

•

பத்து பாகாட்,
16 மே 1933

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெயித்துவிட்டோம்!

நேற்றுக் காலை வெயில் ஏறிய பிறகு பேச்சியம்மாளும் நானும் பஸ் பிடிக்க நடந்தோம். வாய்க்கால் மரப்பாலத்தில் பாராங்கத்தியோடு செல்லப்பன் நின்றான்.

"திரும்பிப் போங்க லா. இன்னிக்குக் கோர்ட்டு இல்ல."

"வழிய விடு. பஸ்ஸு போயிரும்."

அவன் கத்தியை ஓங்கிக்கொண்டு வந்தான். என் கை தானாக இடுப்புக்குப் போனது. நீங்கள் கொண்டுவந்து கொடுத்த ரிவால்வர் துணியில் மாட்டாமல் வெளியே வந்தது.

"அது என்னா, வெளையாட்டுச் சாமானா?"

"இன்னும் ஒரு எட்டு வச்சிப் பாரு."

வைத்தான். அவன் காலுக்கு முன்னால் இருந்த பலகையில் சுட்டேன். பலகை சிதறியது. கத்தி ஒரு பக்கம் போக, அவன் இன்னொரு பக்கம் வாய்க்காலுக்குள், மார்பளவு சேற்றில்! பேச்சியம்மாள் பாலத்தின் நடுவில் நின்று எட்டிப் பார்த்தாள். "வாங்க கங்காணி, கோர்ட்டுல பாப்போம்" என்றாள். மூன்று மாதமாகத் தலை நிமிராத பெண், அத்தான்.

நீங்கள் சொன்னபடி நேரே போலீசுக்குப் போய் நடந்ததைச் சொல்லி, மீதி நான்கு தோட்டாவையும் காட்டினேன். அவர்கள் அவனைச் சேறு காயும் முன்னே கொண்டுவந்து கூண்டில் நிறுத்தினார்கள். "விழுந்த காயத்துக்கும் உதைக்கும் வித்தியாசம் சொல்ல முடியுமா?" என்று அவன் வக்கீல் கேட்டார். "தரையில் பூட்ஸ் ஆணி முளைத்திருந்தால் விழுந்த காயம்தான்" என்றேன். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வருஷம் கடுங்காவல்.

தொழிலாளர் லயத்துப் பெண்கள் ரோடுவரைக்கும் வந்து எங்களைக் கூட்டிப்போனார்கள். குலவை போட்டதில் மானேஜர் தொரை பங்களாவை விட்டு வெளியே வந்துவிட்டார்.

மாதத் தொடக்கத்தில் இரண்டு நாள் இங்கே இருந்து எனக்குச் சுடக் கற்றுக்கொடுத்தீர்களே, அந்த இரண்டு நாளும் வேலையை விடு என்று ஒரு தரம்கூட நீங்கள் சொல்லவில்லை. கவனித்தேன்.

உங்கள் தனம்

•

சிங்கப்பூர்,
25 மே 1933

அன்பான தனத்துக்கு,

உன் கடிதத்தைக் கடையில் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். குலவை போட்ட இடத்தில் நிறுத்திக் கடிதத்தை நீட்டினேன். மீதியைச் சக ஊழியர் வாங்கிப் படித்தார்.

பத்து பாகாட்டில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் நைனா முகம்மது சரக்கெடுக்க இங்கே வந்திருந்தார். கடையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமாம். நான் வருகிறேன் என்று என் பெயரையும் உன் பெயரையும் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாலத்துல சுட்டாங்களே, அந்த மருத்துவச்சியம்மா வீட்டுக்காரரா?"

ஆமாம் என்றேன். வேறொன்றும் கேட்காமல் வேலை கொடுத்துவிட்டார்.

ஒன்றாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். அன்றைக்கு எங்காவது பிரசவம் இருந்தால் போய்வா. நான் உலை வைத்துக் காத்திருக்கிறேன்.

உன்
மணியம்