கப்பல் டாக்டரின் சட்டைக் கை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலைத் தவிர வீட்டில் எல்லாம் நலம். தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டாயிற்று, அதுவும் நலம். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. கொஞ்சம் ஆறட்டும் என்று இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். ஆறவில்லை. அதனால் இந்தக் கடிதம் காரமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

புத்தகக் கடைக் கூட்டத்தில் நீ சொன்னது வெறும் விளையாட்டு என்று, பதிப்பாளர் கேட்கிறபடி முன்னுரை எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். ஆறு புத்தகமாகியும் உங்கள் கப்பல் டாக்டர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். அவர் மனசு எப்பவோ என்ஜின்காரர்கிட்ட போயிடுச்சு என்று நீ சொன்னாய். அந்த வீடியோவை நானும் போனில் பார்த்தேன். உன் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? இப்போது அப்பாவின் மானத்துக்காகப் பின்வாங்குவதாக எழுதுகிறாய். உன் பயத்தைத் தூக்கி அவர் தலையில் வைக்காதே.

இங்கே நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். கடைக்கு வருகிறவர்கள் துணியைவிட வாயைத்தான் அதிகமாகக் கொண்டுவருகிறார்கள். எதிர் வீட்டு டீச்சர், நான் படிச்ச டாக்டர் வேற, அவர் அந்த நர்ஸைத்தான் நெனச்சுக்கிட்டிருந்தார் என்றாள். உங்க டாக்டரை நீங்களே வெச்சுக்குங்க, யாரும் பிடுங்க வரல என்றேன். சிரித்துவிட்டாள். ஆனால் போகும்போது, அப்படின்னா அதைப் புத்தகத்துலயே எழுதியிருக்கணும், வித்து முடிச்சப்புறம் மேடையில சொல்றது என்ன நியாயம் என்று கேட்டாள். அவள் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது.

மருந்துக்கடைக்காரர் ஆறு புத்தகங்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களாம். அவர் வீட்டுப் பிள்ளைகள் போனில் என்னென்ன பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டு வாங்கி வைத்தேன். மறுநாள் பஸ் கண்டக்டர் ஒருவர் யூனிஃபார்ம் பேன்ட்டின் இடுப்பைத் தளர்த்தித் தரச் சொல்லி வந்தார். நான் தைத்து முடிக்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த டாக்டர் விஷயம் நெஜந்தானா என்று மெதுவாகக் கேட்டார். எழுதினவனே சொல்றான், நெஜமாத்தான் இருக்கும் என்றேன். சரி என்றார். அந்தப் பையிலிருந்து மூன்றாம் புத்தகத்தை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு எடுத்துப் போனார். இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கப்போவதில்லை.

இனி அப்பா. ஒரு வாரம் பூங்காவுக்குச் சதுரங்கம் ஆடப் போகவில்லை. அங்கே யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். முடிதிருத்துகிறவரிடமும் போகாமல் தானே சவரம் செய்து தாடையைக் கிழித்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க இதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். புத்தகத்துல இல்லாததை எழுதினவனே வந்து சொன்னாலும் நான் ஏன் நம்பணும் என்றார். ஆயுள் முழுக்க அச்சுப்பிழை பார்த்த மனிதர், அவருக்குக் காகிதத்தில் இருப்பதுதான் உண்மை.

எனக்கு வந்ததே ஆத்திரம். புத்தகத்துல இருந்துச்சு, நீங்கதான் எடுத்தீங்க என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். மூன்றாம் புத்தகத்தில் புயல் ஓய்ந்த காலையில் டாக்டர் மேல்தளத்துக்கு வருகிறார். சட்டைக் கை விரல் நுனியைத் தாண்டித் தொங்குகிறது, மடித்து விட்டுக்கொண்டே வருகிறார். கேப்டன் பார்க்கிறார், ஒன்றும் கேட்காமல் நகர்ந்துவிடுகிறார். முதல் பதிப்பு வந்தபின்தான் அது அப்பா கண்ணில் பட்டது. டாக்டர் குள்ளமான ஆள், அளவெடுத்துத் தைத்த சட்டைதான் போடுவார் என்று முதல் புத்தகத்தில் இருக்கிறதே, கை எப்படி நீளும், இது பிழை என்றார். என் வெட்டுமேசைக்கு அடியில் வளர்ந்த பிள்ளை அளவில் தப்பு பண்ண மாட்டான் என்று நான் வாதாடினேன். அவர் கேட்கவில்லை. இரண்டாம் பதிப்பில் டாக்டர் சட்டையைச் சரிசெய்தபடி வந்தார் என்று மாறிவிட்டது. நீயும் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டாய்.

அலமாரியிலிருந்து முதல் பதிப்பை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். அந்தக் கப்பலில் நெடுநெடுவென்று வளர்ந்தவர் என்ஜின்காரர் ஒருவர்தான். சட்டை யாருடையது என்று நான் எடுத்துச் சொல்லவில்லை, அப்பாவே முதல் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். அன்று சாப்பிடும்போது உப்பு குறைவு என்றுகூடச் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் பதிப்பாளர் வீட்டுக்கு வந்தார். மூன்றாம் புத்தகத்தின் புதிய பதிப்புக்கான அச்சுப் பிரதி ஒரு கையில், உன் பெயரில் அவரே எழுதிய முன்னுரை இன்னொரு கையில். இது இல்லாவிட்டால் அச்சுக்கே போகாது, நீங்கதான் பையனுக்கு நல்ல புத்தி சொல்லணும் என்று என்னிடம் குழைந்தார். கையெழுத்து அவன் போடணும்னா வார்த்தையும் அவனேதான் எழுதணும் என்றேன். அப்பா இரண்டையும் வாங்கிக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டார். பதிப்பாளர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாக டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அப்பா வழக்கம்போல ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். முடிந்ததும், பஸ்ஸில் போங்கள் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், அந்த முழங்காலோடு நடந்தே போய்ப் பதிப்பகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். போகும் முன் நான் பிரித்துப் பார்த்துவிட்டேன். புயல் காலைப் பக்கத்தில் ஓரமாகப் பென்சிலில், சட்டைக் கை நீளம் சரியானதே, தவறாக மாற்றியது நான், முதல் பதிப்பில் உள்ளபடி வைக்கவும் என்று எழுதியிருந்தார். முன்னுரைத் தாளை மூலைக்கு மூலை கோடிழுத்து அடித்திருந்தார். வேறு புத்தகத்தின் தாள் தவறிக் கலந்து வந்தால் ஒரு குறிப்பு எழுதுவாரே, அதையே கீழே எழுதியிருந்தார். இப்புத்தகத்தைச் சேர்ந்ததல்ல.

நான் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து கண்டக்டர் கொடுத்துவிட்டுப் போயிருந்த இன்னொரு பேன்ட்டைத் தைத்து முடித்தேன்.

ஆகையால் நீ எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. பதிப்பாளர் அச்சிடாவிட்டால் போகட்டும், ஊரில் வேறு அச்சகமே இல்லையா? ஆனால் டீச்சர் கேட்ட கேள்விக்கு நீதான் பதில் சொல்லியாக வேண்டும். சட்டைக் கையை மட்டும் காட்டிவிட்டு, புரிகிறவர்களுக்குப் புரியட்டும் என்று ஒதுங்கிக்கொள்ளாதே. புரிந்த எனக்கே உன்னிடம் கேட்க வாய் வரவில்லை, மற்றவர்களை என்ன சொல்ல? ஏழாம் புத்தகத்தில் டாக்டர் தன் வாயாலேயே சொல்லட்டும், கப்பலில் எல்லாரும் இருக்கும்போதே சொல்லட்டும். நாலு பேர் முகத்தைத் திருப்புவார்கள், திருப்பட்டும். கப்பல் அதற்காக முழுகிவிடாது.

இத்துடன் வழக்கம்போல இரண்டு சட்டை அனுப்பியிருக்கிறேன். ஒன்று உனக்கு. கை நீளமானது உன் வீட்டில் இருக்கும் அந்தத் தம்பிக்கு. நீ குளிக்கும்போது போனை எடுத்து, அம்மா சாப்டீங்களா என்று கேட்கிற குரலை மட்டும்தான் எனக்குத் தெரியும். இத்தனை வருஷமும், நண்பனுக்கு என்று நீ எழுதி அனுப்பிய அளவை வைத்தே வெட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது சட்டை யாருக்கு என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. இந்தத் தடவை தானே வந்து டேப்பின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிள்ளை அவ்வளவு உயரமா என்று கேட்டார். நானும் பார்த்ததில்லையே என்றேன். ஆளை நிக்க வெச்சு அளவெடுக்காம எப்படிச் சரியா வரும், வரச் சொல்லி எழுது என்றார்.

எழுதிவிட்டேன். இரண்டு பேரும் நன்றாக இருங்கள். அடுத்த சட்டைக்குத் துணி எடுத்து வைத்திருக்கிறேன், அந்தத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வெட்டுவேன்.

உங்கள் இருவருக்கும் ஆசிகளுடன்,
அம்மா