மூன்றாவது பல்

மகள் ப்ரீத்தி காய்ச்சலில் இறந்து எட்டு மாதமாகிறது. சவப்பெட்டியைத் தூக்கும்போது சவரிராஜ் பல்லைக் கடித்துக்கொண்டார். அழவில்லை. அன்று தொடங்கிய பல்வலி, இரண்டு பல்லைப் பிடுங்கியும் நிற்கவில்லை. மூன்றாவது பல்லில் ஒரு கோளாறும் இல்லை, பிடுங்க மாட்டேன் என்று தில்லைநகர் டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"வலி பல்லுல இல்லங்க. ஒரு தடவை வாய்விட்டு அழுதுடுங்க" என்றாள் மனைவி லூர்துமேரி. சவரிராஜ் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அது நேற்று.

இன்று அவள் வேலைக்குப் போனதும், ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டுக் காலண்டர் தாளைக் கிழித்து எழுதினார்.

"மேரி, ஸ்ரீரங்கத்துல வேற டாக்டர்கிட்ட போறேன். ரசம் வச்சிருக்கேன், சூடு பண்ணிக்க. கேஸ் சிலிண்டர் வரும், காலி சிலிண்டர் பின்கட்டுல இருக்கு. நேத்து கீழ சிந்தின சோத்தை நீ அள்ளினப்போ மன்னிச்சுக்கன்னு சொல்ல நினைச்சேன். வாயைத் திறக்க முடியல."

தாளை ஃப்ரிட்ஜின் மேல் வைத்துவிட்டு வாசல்வரை போனவர், திரும்பி வந்து ஓரத்தில் நெருக்கி எழுதினார்.

"நல்ல பல்லுதான்னு எனக்கும் தெரியும். வேற எதைப் பிடுங்கச் சொல்றதுன்னுதான் தெரியல."