மஞ்சள் கொடி காட்டிய அன்று

அன்பு மகள் நொவெமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பதினொரு பசுக்களும் சுகம், என் இடது கால் ஒன்றைத் தவிர. அங்கே உன் இரண்டு முழங்காலும் சுகம்தானே?

இன்று காலை தேவாலயத்திலிருந்து திரும்பும்போது வாசல் பனியில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. பனிச்சறுக்கு வீராங்கனையைப் பெற்றவள் சொந்த வாசற்படியில் விழுந்தாள் பாருங்கள் என்று பக்கத்து வீட்டு இவெத் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாயிற்று. இந்தக் கடிதமும் அந்தக் காலால் வந்ததுதான். பன்னிரண்டு வருடமாக நீ மலையிலிருந்து இறங்கும் நேரமெல்லாம் நான் தொழுவத்துக்குப் போய்ப் பசுக்களோடு நின்றுகொள்வேன், ஒரு பந்தயம்கூடப் பார்த்ததில்லை. இன்றைக்குக் கட்டுப்போட்ட காலோடு அடுக்களையில் மாட்டிக்கொண்டேன். கூடத்தில் தொலைக்காட்சி அலறுகிறது, முதல் ஆள் இறங்குவதற்குள்ளேயே அப்பாவும் இவெத்தும் பாதிப் பாலாடைக்கட்டியைத் தீர்த்துவிட்டார்கள். எனக்கோ கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அதே அமெரிக்க மலை, இரண்டு வருடத்துக்கு முன் உன் முழங்கால் தசைநார் கிழிந்த அதே வளைவு. இன்றைக்கு முதல் முப்பது பேருக்குள் வராவிட்டால் அணியில் இடமில்லை என்று பயிற்சியாளர் சொன்னதை அப்பாவிடம் மட்டும் சொன்னாயாம், அவர் வாயில் ரகசியம் தங்கியிருக்கிறதா என்றைக்காவது? நானும் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. காலையில் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி, நாற்பதாவதாக வந்தாலும் சரி, நடந்து வரட்டும் என்றுதான் வேண்டினேன். அன்றைக்கு நீ விழுந்ததும் முதலில் கூப்பிட்டது உன் தோழி லதினாவின் அம்மாதான், சுவிட்சர்லாந்திலிருந்து. "மன்னிச்சிடுங்க, என்னை மன்னிச்சிடுங்க" என்று ஒரே அழுகை. அவர் மகள் உனக்கு அடுத்து இறங்கியவள், அவ்வளவுதான், உன்னைத் தள்ளியா விட்டாள்? இந்த அம்மாளுக்கு என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டே போனை வைத்தேன்.

இப்போது லதினா இறங்குகிறாள் என்று அப்பா கத்துகிறார். அவளுக்கு அடுத்து நீ, அவள் கீழே வந்து சேருமுன்னே உன்னையும் இறக்கிவிடுவார்களாம். உன் பெயரைச் சொல்லிவிட்டார்கள். "குனிடி, இன்னும் குனி" என்று அப்பா போடுகிற கூச்சல் உனக்கே கேட்டிருக்கும். ஐயோ, கூச்சல் நின்றுவிட்டது. அன்றைக்கும் தொழுவம் வரை கேட்ட கூச்சல் இப்படித்தான் சட்டென்று நின்றது. என்ன ஆயிற்று என்று கத்திக் கூப்பிடுகிறேன்.

நொவெமி, கொஞ்ச நேரம் பேனா ஓடவில்லை. அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார், முகத்தில் ரத்தமே இல்லை. "விழுந்தது நம்ம பொண்ணு இல்லடி, லதினா. நம்மவளுக்கு நடுவழியில மஞ்சக் கொடி காட்டி நிறுத்திட்டாங்க. திரும்ப மேல போய் முதல்லேருந்து இறங்கணுமாம்" என்றார். நான் "அப்பாடா!" என்றேன். வாய்விட்டுச் சொன்னேன். ஒரு கோடை முழுக்க நம் வீட்டில் இருந்து, என்னோடு வைக்கோல் அள்ளி, இந்த மேசையில் சாப்பிட்ட குழந்தை பனியில் கிடக்கிறாள், அவளைத் தூக்க ஹெலிகாப்டர் வருகிறது, நான் அப்பாடா என்கிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அதற்கு மேல் அடுக்களையில் உட்கார முடியவில்லை, நொண்டிக்கொண்டே கூடத்துக்குப் போனேன். அப்பா எழுந்து நாற்காலியைக் கொடுத்தார், இவெத் கேலி பண்ணாமல் என் காலுக்கு முக்காலியை நகர்த்தினாள், அதுவே அதிசயம். தோழியைத் தூக்கிப்போன அதே வழியில் நீ மறுபடி இறங்கினாய். அந்த வளைவில் உன் கால் ஒரு தடவை உதறியது, என் உயிர் போய்த் திரும்பியது. நீ நிமிரவே இல்லை, குனிந்தபடியே வந்து சேர்ந்தாய். இருபத்திரண்டாவது! அப்பா குதித்த குதியில் மிச்சப் பாலாடைக்கட்டி தரையில். நீயோ நேரப் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பக்கத்தில் நின்றவரின் கையைப் பிடித்து ஏதோ கேட்டாய். என்ன கேட்டாய் என்று எனக்குத் தெரியும்.

அவளுக்கும் முழங்கால்தானாம், உயிருக்கு ஒன்றுமில்லையாம். ஆஸ்பத்திரிக்கு உடனே போய்விட்டு வா, வெறுங்கையோடு போகாதே. உன் காலுக்கும் ஐஸ் வைத்துக்கொள். கடவுள் உன்னையும் அவளையும் முழுசாக வீடு சேர்க்கட்டும்.

இரண்டு கன்னத்திலும் முத்தங்களுடன்,
உன் அம்மா ஓதில்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் லதினாவின் அம்மாவைக் கூப்பிட்டேன், வேறு யாரும் முந்திவிடக் கூடாது என்று. மன்னிச்சிடுங்க என்றுதான் வாயில் வந்தது, அன்றைக்கு அவர் அழுதுகொண்டே சொன்ன அதே சொல். எதற்கென்று அவர் கேட்கவில்லை. "தெரியும் ஓதில், எனக்குத் தெரியும்" என்றார்.