மேடைக்கு வந்த சோடா

1956, பங்குனி, ஞாயிறு இரவு

முத்தியால்பேட்டைக் கூட்டத்தில் நான்தான் கடைசியாகப் பேசினேன். இந்தப் போலீசை நம்பலாமா என்பதுதான் பேச்சு. நம்பலாம் என்றேன். மில் வாசலில் எங்களை அடித்த காலம் பிரெஞ்சுக்காரனோடு போய்விட்டது, இப்போது இருப்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள் என்றேன். நன்றாகக் கைதட்டினார்கள்.

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் பின்பக்கமாக மேடையேறியதை நான் கவனிக்கவில்லை. திரும்பினால் பக்கத்தில், அன்று மில் வாசலில் பார்த்த அதே சிவப்புத் தொப்பி. என் இரண்டு கைகளும் தாமாகத் தலையை மூடிக்கொண்டன. குனிந்துவிட்டேன்.

அவர் கையில் இருந்தது சோடா.

"தொண்ட கட்டிக்கிச்சேன்னு கொண்டாந்தேங்க ஐயா," என்றார். சின்ன வயது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். அவர் சோடாவை மேசையில் வைத்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

"கூட்டம் எப்டி?" என்று வீட்டில் இவள் கேட்டாள். நல்ல கூட்டம் என்றேன். சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

அந்தச் சோடாவைக் குடிக்காமலே இறங்கி வந்துவிட்டேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.