பனியில் இரண்டு தடங்கள்

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம், தேன்காரம்மாவின் ஆடுகளைத் தவிர. மூன்று வாரத்தில் ஏழு செத்துவிட்டன. மரமில்காரர் வீட்டில் இரண்டு. நம் பட்டியில் ஒன்றுகூடப் போகவில்லை. துரை வாசலில் படுத்திருக்கும்போது எந்த ஓநாய் வரும்? "இப்படி ஒரு நாய் யாருக்கு வாய்க்கும்?" என்று உன் மாமா ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறார். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படிப் புகழமாட்டார்கள்.

நேற்று பள்ளிக்கூடத்தில் கூட்டம். இருபத்தைந்தாம் தேதி துப்பாக்கியோடு மேல்முகட்டுக்குப் போய் ஓநாய்களைத் தீர்த்துவிடுவதாக முடிவு. முன்னால் நிற்பது உன் மாமாதான், அந்த மூட்டுவலியோடு. ஆனால் கொன்றது ஓநாய்தான் என்று உங்கள் வனத்துறை அலுவலகம் எழுதித் தந்தால்தான் அனுமதியாம். "ஓநாய் ஆபீசர் உன் தம்பிதானே, எழுதி வாங்கு" என்று ஆளாளுக்கு என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கையெழுத்தை நீ போட மாட்டேன் என்றதற்குத்தான் உன் மாமா கத்தினார். நீயும் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் போனவன்தான். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று எனக்கு அலுத்துவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் அக்கா

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். ஓநாய் வரும் வழியில் வைத்த கேமராக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். மலை முகாமிலிருந்து மாதக் கடைசிவரை இறங்க முடியாது. சாமான் கொண்டுவருபவர் வாரம் இரண்டு முறை மேலே வருகிறார், அவரிடமே கடிதத்தைக் கொடுத்துவிடு.

பார்க்காமல் கையெழுத்துப் போட எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதனால் எனக்காக நீ போய்ப் பார். பனி புதிதாக விழுந்த காலையில், தடத்தை ஒரு நூறு அடியாவது தொடர்ந்து போ. ஓநாய் வேலைக்குப் போகிறவன் மாதிரி, பராக்குப் பார்க்காமல் நேராக நடக்கும். முன்கால் வைத்த குழியிலேயே பின்காலையும் வைக்கும். நாய் அப்படி இல்லை. அங்கே மோந்து, இங்கே சுற்றி, கடைத்தெருவுக்கு வந்தவன் மாதிரி அலையும். செத்த ஆட்டையும் பார். ஓநாய் பெரும்பாலும் கழுத்தைப் பிடிக்கும், பிறகு தின்னும். விளையாட்டாகக் கொல்லும் மிருகம் கண்ட இடத்தில் கடித்துவிட்டு, தின்னாமல் போய்விடும்.

நல்ல தடமாக இருந்தால் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் எடுத்து அனுப்பு.

மாமாவின் மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

உன் தம்பி

பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

ஆபீசர் வேலையை நான் பார்த்துவிட்டேன், சம்பளத்தை எப்போது அனுப்புகிறாய்?

மேல்முகட்டில் ஒரு தடம் இருந்தது. என் உள்ளங்கை அகலம், கோடு போட்ட மாதிரி நேராக. ஒரே ஒரு ஓநாய் என்றுதான் நினைத்தேன். ஓடைக்கரையில் அந்தக் கோடு ஐந்தாகப் பிரிந்தது. ஒன்றின் குழியில் இன்னொன்று காலை வைத்து வந்திருக்கின்றன! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஆனால் ஒன்றுகூட ஊர்ப்பக்கம் திரும்பவில்லை. தேன்காரம்மாவின் வேலிக்கு வெளியிலேயே நடந்து அப்படியே மேலே போய்விட்டன.

வேலிக்குள் அன்றைக்குப் புதிதாகச் செத்துக்கிடந்த ஆட்டுக்குப் பக்கத்தில் இருந்தது வேறு தடம். சிறியது, நாலா பக்கமும் சுற்றியது. ஆட்டின் பின்தொடை கிழிந்திருந்தது, காது கிழிந்திருந்தது, ஒரு வாய்கூடத் தின்னவில்லை. குட்டி ஓநாயாக இருக்குமோ? இரண்டின் அச்சையும் செருப்புப் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன். "என்னடி, மாவு பிசையறே?" என்றார் உன் மாமா. பிறகு அவரேதான் தண்ணீர் ஊற்றினார்.

உன் அக்கா

பிப்ரவரி 14

அன்புள்ள அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி.

பெரிய அச்சு ஓநாய்தான். சிறியது நாய். இடது முன்கால், வெளிப்பக்க விரலில் நகம் பதியவில்லை. துரை குட்டியாக இருந்தபோது கதவிடுக்கில் கால் மாட்டி நகம் போனதே, நீ அழுதுகொண்டே பிடித்திருக்க நான்தானே கட்டுப் போட்டேன். அந்தப் பாதம் எனக்குத் தெரியும்.

என் கணிப்பு தப்பாக இருக்கட்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். நாலு நாள் கட்டிவைத்துப் பாருங்கள். அலுவலகத்துக்கு நான் இன்னும் எழுதவில்லை. 'நாய்' என்று மட்டும் எழுதலாம், யார் வீட்டு நாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் தேன்காரம்மா நாளைக்கும் ஆடுகளை அங்கேதான் கட்டுவார். ஊரில் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், நான் இல்லை.

மாமாவிடம் எப்படிச் சொல்வாய் என்று நினைத்தால் எனக்கு வேலை ஓடவில்லை.

தம்பி

பிப்ரவரி 22

மாப்பிள்ளைக்கு,

உன் அக்கா அழுதுட்டே இருக்கா, அதனால நான் எழுதறேன். கையெழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்கோ.

நாலு நாள் கட்டிப்போட்டேன். ஊர்ல ஒரு ஆடு சாகல. அப்பவும் நம்பல. அஞ்சாம் நாள் காலைல அவிழ்த்துவிட்டுட்டுப் பின்னாலயே போனேன். நேரா தேன்காரம்மா வேலிக்குள்ள நுழைஞ்சான். நான் ஓடிப் போறதுக்குள்ள ஒரு ஆட்டைத் தள்ளிட்டான். வாயெல்லாம் ரத்தம். என்னைப் பார்த்து வாலை ஆட்டினான், மாப்பிள்ளை.

நேத்து பள்ளிக்கூடத்துல எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். தேன்காரம்மா, "நீங்க சொல்லலேன்னா யாருக்குத் தெரியப்போகுது"ன்னாங்க. திட்டினாங்களா, மெச்சினாங்களான்னு இன்னும் விளங்கல. நம்ம பட்டியிலேர்ந்து ஒன்பதை ஓட்டிட்டுப் போய் அவங்க வாசல்லயும், ரெண்டை மரமில்காரர் வாசல்லயும் விட்டுட்டு வந்தேன். மேல்முகட்டுக்குப் போறது நின்னுபோச்சு.

சுட்டுடுங்கன்னார் மரமில்காரர். நியாயந்தான். துப்பாக்கியும் எடுத்தேன். என்னால ஆகல.

நீ இருக்கற டவுன்ல ஆடு கிடையாது. கூட்டிட்டுப் போறியா? பஸ் ஸ்டாண்டுக்கு நான் கொண்டுவரலாம். ஆனா கொண்டுவர மாட்டேன். நீ வீட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போ. அன்னிக்கு நான் கத்தினது தப்பு. இதை எழுத நாலு வருஷம் ஆயிருக்கு பாரு.

மாமா

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து உன் மாமாவை வீட்டில் பிடித்துவைக்க முடியவில்லை. நீங்கள் இரண்டு பேரும் முகட்டில் பனியில் குப்புறப் படுத்துக்கொண்டு ஓநாய் பார்த்தீர்களே, அந்தக் கதையை நான் மட்டும் பதினைந்து முறை கேட்டாகிவிட்டது. "பாறைன்னு நெனச்சேன்டி. அது எழுந்து சோம்பல் முறிக்குது!" மரமில்காரரை நிறுத்திவைத்து, பின்கால் எங்கே விழும் என்று நடந்தே காட்டுகிறார். மூட்டுவலி எங்கே போனதோ தெரியவில்லை. தேன்காரம்மா நேற்று ஒரு பாட்டில் தேன் கொடுத்தனுப்பினார். பேச்சு இன்னும் இல்லை, வரும்.

துரை உன்னோடு வண்டியில் ஏறியபோது திரும்பிப் பார்த்தானா? நான் உள்ளே போய்விட்டேன், பார்க்கவில்லை. மாமாவிடம் கேட்டால் தெரியாது என்கிறார். இன்றைக்குக் காலையிலும் பழக்கத்தில் அவன் சோற்றையும் சேர்த்துப் பிசைந்துவிட்டேன்.

புது இடம் பழகிவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறான், தூங்குகிறான் என்று உடனே எழுதிவிடாதே. இன்னும் ஒரு மாதத்துக்காவது, எங்களைத் தேடுகிறான் என்றே எழுது.

உன் அக்கா