கடதாசிக்கு ஏது அவையடக்கம்

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் என் குடியிருப்புக்கு அடுத்த தெருவில் புதிதாக ஒரு பேக்கரி திறந்திருக்கிறார்கள். இன்று காலை அதைக் கடந்தபோது யாரோ கதவைத் திறந்தார்கள். வெளியே வந்த மணம் என்னை நிறுத்திவிட்டது. புளித்த மாவு, லேசான கருகல், அதற்குள் சீரகத்துக்கு அண்ணன் முறையான ஏதோ ஒன்று. உள்ளே போய் அது என்ன பாண் என்று கேட்டேன். ரை என்ற தானியத்தின் மாவில் செய்த கறுப்புப் பாண் என்றாள் கடைப்பெண். அப்போதுதான் விளங்கியது, இந்த மணம் எனக்கு முன்பே தெரியும் என்பது. முகர்ந்து அறிந்ததில்லை, நீர் சொல்லிக் கேட்டது. லத்வியாவின் ரீகாவிலிருந்து வட்ஸ்அப்பில் கூப்பிட்டு, ஒரு பாணைப் பற்றி அரைமணி நேரம் கதைத்தீர். கூட்டிச் சொல்கிறீர் என்று நினைத்தேன். இப்போது பாதிப் பாணை மேசையில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நீர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

உமக்கு எழுத நினைத்து எத்தனையோ காலம். நீர் உயிரோடு இருந்தபோதும் நான் உமக்குக் கடிதம் எழுதியதில்லை. விண்ணப்பங்கள்தான் எழுதித் தந்திருக்கிறேன். ஆகவே இந்த மடலின் நடையில் அலுவலக வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளும்.

நாம் பழகியது இதே நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில், உம்முடைய தங்கையின் வீட்டில். அப்போது நான் அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தேன். நீர் நோர்வேயின் பேர்கன் நகரில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தீர். குளிர்கால விடுமுறைக்குத் தங்கையிடம் வருவீர். பேர்கனில் மழை, இங்கே பனி, இரண்டில் எது மேல் என்று ஒரு முடிவுக்கு வராமலே ஆண்டுகள் போயின. நான் எதற்கும் “பேந்து பாப்பம்”, பிறகு பார்ப்போம், என்பேன். “யாழ்ப்பாணத்தார்ர பேந்து எண்டைக்கும் வராது ஐசே. மட்டக்களப்பார்ர மறுகா எண்டா நாளைக்கு” என்று, பேந்துக்கு மறுகா எனும் ஊர்க்காரரான நீர் சீண்டுவீர். நாளைக்கு நடந்ததாகவும் எனக்கு நினைவில்லை.

நீர் நடிகர். அதை நீர் வெளியில் சொன்னதில்லை. தங்கைதான் சொன்னா. பேர்கன் தமிழரின் ஆண்டு விழாக்களில் உம்முடைய நாடகம் இல்லாமல் போகாது. சிறுமிகளின் நடனத்துக்கும் அதிர்ஷ்டச் சீட்டுக் குலுக்கலுக்கும் நடுவே, சோற்றுப் பார்சல் கைமாறும் சத்தத்தில், இருபது நிமிடம். முப்பது வருடமாக அந்த நகரத்தின் எல்லாத் தெருவிலும் பஸ் ஓட்டியிருக்கிறீர். அந்த நகரத்து நோர்வேக்காரர் ஒருவர்கூட உம்மை மேடையில் பார்த்ததில்லை.

ஒரு பின்னேரம் கைபேசியில் ஓர் அறிவித்தலைக் காட்டினீர். நோர்டிக் நாடுகளும் பால்டிக் நாடுகளும் சேர்ந்து, எல்லை கடந்து இணையும் கலைஞர்களுக்குத் தரும் உதவி பற்றியது. “இதுக்குள்ள நானும் அடங்குவனா எண்டு பாத்துச் சொல்லும். நீர் படிச்ச மனுசன்” என்றீர்.

காப்புறுதி நிறுவனத்தில் பிரெஞ்சுக் கடிதங்களை ஆங்கிலமாக்கியே ஓய்வு பெற்றவன் நான். கலைக்கும் எனக்கும் தூரம். ஆனாலும் விதிமுறைகள் என்றால் விட மாட்டேன். பென்சிலோடு மூன்று நாள் இருந்தேன். நேர்மையாகச் சொன்னால், நெடுங்காலத்துக்குப் பிறகு எனக்கு எதையோ அறிய வேண்டும் என்ற ஆசை வந்தது அந்த மூன்று நாளில்தான். பரோத் தீவுகளும் கிரீன்லாந்தும் அந்தத் திட்டத்துக்குள் இருந்தன. ஓலண்ட் என்று ஒரு தீவுக்கூட்டம், வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடித்தேன். பங்காளியைத் தேடிப் போகிறவருக்குப் பயணச் செலவு உண்டு. வேறு நாட்டில் சில கிழமை தங்கி வேலை செய்ய இடமும் உண்டு. பெரிய உதவி வேண்டுமென்றால் மூன்று நாட்டார் ஒன்றுசேர வேண்டும். எங்கள் வாழ்நாளில் எல்லை என்றால் வரிசை, விசாரணை, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். இங்கே ஓர் அலுவலகம் எந்த எல்லையைக் கடக்கப் போகிறாய் என்று ஆவலோடு கேட்கிறது. கடக்காவிட்டால் உதவி இல்லை என்கிறது. அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

எங்கே பிறந்தீர் என்று அவர்கள் ஓரிடத்திலும் கேட்கவில்லை. எங்கே வாழ்கிறீர், எங்கே வேலை செய்கிறீர், அவ்வளவுதான். மாடியிலிருந்து இறங்கிவந்து சொன்னேன். நீர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தீர்.

“அப்ப நான் பேர்கன் நடிகன்.”

“விதிப்படி ஓம்” என்றேன்.

“விதிய விடும். நீர் என்ன சொல்றீர்?”

நான் சொல்லி என்ன என்று நழுவினேன். ஆனால் உமக்கு வேண்டியது என்ன என்று அந்த மேசையிலேயே தெரிந்துவிட்டது. உம்முடைய ஊராகிவிட்ட பேர்கனில், அந்த ஊராருக்கு முன்னால், அந்த ஊர் நடிகராக ஒருமுறை நிற்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பயண உதவி கிடைத்து ரீகாவுக்குப் போனீர். யாரையும் தெரியாது. ட்ராம் வண்டிகள் நிறுத்திய ஒரு பழைய கொட்டகையில் சிறு அரங்கு நடத்தும் இல்ஸே என்ற பெண்ணிடம் போய்ச் சேர்ந்தீர். அவ மீனவரின் மகள், அதிகம் கதைக்க மாட்டா என்றீர். உமக்குப் பொருத்தம்தான், கதைக்கும் வேலையை நீரே பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அந்தப் பயணத்தில்தான் நாடகம் பிறந்தது: மூடுபனிக்குள் திசை தவறிய மூன்று தோணிகள். ஒன்றில் லத்வியப் பெண்ணான இல்ஸே, ஒன்றில் ஒரு பின்லாந்துக்காரர், ஒன்றில் நீர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. சபையோருக்கும் மொழிபெயர்ப்புக் கிடையாது. ஒருவரை ஒருவர் கூப்பிடுவார்கள், பதிலுக்காகக் காத்திருப்பார்கள். உம்முடைய முதல் வசனம் “ஆர் அங்க?” அதே கேள்வியை லத்வியர் “கஸ் தூர்?” என்று கேட்பார்கள் என்றீர். மெட்ரோவில் நின்றுகொண்டு வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மா தள்ளி உட்கார்ந்தா.

பெரிய விண்ணப்பத்தை நான் எழுதினேன். நீர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தீர்: தொடக்கத்தில் அவையடக்கம் இருக்க வேண்டும். திரை விலகுமுன் நீர் எப்போதும் கைகூப்பி நின்று, நாங்கள் சிறியவர்கள், கற்றது கொஞ்சம், குற்றம் குறை இருந்தால் அறிந்த பெரியோர் பொறுத்தருள வேண்டும் என்று சொல்வீராம். அதில்லாமல் ஒரு வேலையைத் தொடங்கினால் நாக்கு வராது என்றீர். இதை நோர்டிக் நாட்டார் எப்படி எடுப்பார்களோ என்று இருமுறை சொல்லிப் பார்த்தேன். நீர் அசையவில்லை. எனக்கோ அது தாய்மொழி போல. என்னைவிட இயல்பாக அதை ஆங்கிலமாக்க யாராலும் முடிந்திருக்காது.

இல்ஸே வாசித்துவிட்டு உம்மைக் கூப்பிட்டாவாம். உமக்கு உடம்பு சரியில்லையா, பின்வாங்க யோசிக்கிறீரா என்று கேட்டாவாம். நீர் எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம் ஒரு வரியில் இருந்தது: தங்களுக்குப் போதிய திறமை இல்லை என்று விண்ணப்பதாரரே கருதுவதாகத் தெரிகிறது. அதை உமக்குக் கைபேசியில் வாசித்துக் காட்டினேன். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். நீர் நிறுத்தினீர்.

“ஐசே, அவையில ஆக்கள் இருக்கணும். அவங்கட முகத்தப் பாத்து நாம சின்ன ஆக்கள் எண்டா, அவங்க மனசு நம்மளத் தூக்கி வைக்கும். கடதாசிக்கு ஏது மனசு? கடதாசிக்கு ஏது அவையடக்கம்?”

அதை நான் இன்றுவரை யோசிக்கிறேன். என் ஆயுளில் பாதி அடக்கம் கடதாசிக்குக் காட்டியது.

இரண்டாம் முறை இல்ஸே முன்னின்று விண்ணப்பித்தா. உம்மைப் பற்றிய பந்தி மட்டும் என் பொறுப்பு. “இவர் சிறந்த நடிகர்” என்ற மூன்று சொல்லை எழுத எனக்கு ஒரு முழுப் பகல் பிடித்தது. ‘ஓரளவு’ என்று ஒரு சொல்லை நுழைத்தேன், எடுத்தேன், மீண்டும் நுழைத்தேன். கடைசியில் எடுத்துவிட்டு அனுப்பினேன். வாசித்துவிட்டு, “கொஞ்சம் கூடிப்போச்சு, பரவால்ல” என்றீர். அந்த முறை கிடைத்தது.

ரீகாவில் நாடகம் நடந்த அன்று, திரைக்கு முன் வந்து கைகூப்பி அவையடக்கத்தைத் தமிழில் சொன்னீர். இல்ஸே பக்கத்தில் நின்று லத்வியத்தில் சொன்னா. சனம் என்ன செய்தது என்று கேட்டேன். “சிரிக்கல்ல. முன்வரிசையில ஒரு கிழவி தலைய ஆட்டினா, சரி போ, மன்னிச்சிட்டன் எண்ட மாதிரி.” அதற்குப் பிறகுதான் அந்தப் பாணைப் பற்றி அரைமணி நேரம்.

அடுத்தது பேர்கன். நாள் குறித்து, மண்டபமும் எடுத்தாயிற்று. நகரத்து அரங்கு, விழா மண்டபம் இல்லை. நீர் அதற்கு முன்பே போய்விட்டீர். இருதயம் என்று உம்முடைய மகள் மீரா கூப்பிட்டுச் சொன்னபோது நான் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

ஒரு மாதம் கழித்து இல்ஸே எனக்கு எழுதினா. இரு நாடுகளிலாவது காட்டுவதாக ஒப்புக்கொண்ட நாடகம் அது. ஆள் மாறினால் காரணம் சொல்லி மாற்றலாம் என்று உதவி தருவோர் சொல்லியிருந்தார்கள். மீராவோ, அப்பாவின் இடத்தில் வேறு ஆள் வேண்டாம், ரீகாவில் பதிந்த குரல் இருக்கிறது, மூடுபனிக்குள் ஆள் எப்படியும் தெரியாது, அந்தக் குரலைப் போடுங்கள் என்றாள். இல்ஸேக்கு மனமில்லை. இருவரும் என்னைக் கேட்டார்கள், தமிழ் வசனமெல்லாம் என்னிடம் இருந்ததால். உமக்குத் தெரியும், கடையில் எந்தப் பால் வாங்குவது என்று தீர்மானிக்கவே எனக்கு நேரம் எடுக்கும்.

ரீகாப் பதிவைக் கேட்டேன். மேசையில் இருந்த பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பல முறை. உம்முடைய குரல் அப்படியே இருந்தது. “ஆர் அங்க?” என்று கேட்டீர், சற்று நேரம் அமைதி, பிறகு அடுத்த வசனம். ஒவ்வொரு முறையும் அதே அளவு அமைதி. அன்று ரீகாவில் அந்த அமைதி உம்முடைய கையில் இருந்தது. சபையைப் பார்த்து நீட்டியிருப்பீர், குறைத்திருப்பீர். பதிவில் அது ஒரு வெற்றிடம். யார் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது தன்பாட்டுக்குப் போய்விடும்.

மீராவைக் கூப்பிட்டுச் சொன்னேன், வேறு ஆள்தான் வேண்டும் என்று.

“மாமா, நீங்க அப்பாட சிநேகிதன்.”

“ஓம் பிள்ளை. அதாலதான் சொல்லுறன்.”

“அப்பா இல்லாத தோணியை நான் வந்து பாக்க மாட்டன்.” வைத்துவிட்டாள்.

இல்ஸேக்கு எழுதினேன். கேள்வி கேட்பவர் பதிலுக்குக் காத்திருக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், ஒலிப்பதிவு காத்திருக்காது. இவ்வளவுதான் எழுதினேன். கீழே, என் கருத்துத் தவறாகவும் இருக்கலாம் என்று வழக்கம்போல் சேர்க்க விரல் போனது. சேர்க்கவில்லை. அனுப்பிவிட்டு வெளியே நடந்து ஷேர்புரூக் தெருவில் ஒரு பஸ் போகும்வரை நின்றேன். எனக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

உம்முடைய விழா நாடகங்களில் இரண்டில் நடித்த சுதாவைத் தேடிப் பிடித்தார்கள். பேர்கன் ஆஸ்பத்திரியில் தாதி. வேலை முடிந்து வந்து ஒத்திகை பார்த்தாவாம். கூப்பிட்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டா: “அண்ணை, கேட்டுப்போட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது?” தெரியாது என்றேன். “தெரியாட்டி நல்லது” என்றா.

நாடகத்தன்று இங்கே மதியம் தாண்டி ஒரு மணி. நான் எதிர்பார்க்கவில்லை, கைபேசி அடித்தது, வர மாட்டேன் என்றிருந்த மீரா, வீடியோ அழைப்பில். கைபேசியை மேடைப் பக்கம் திருப்பிப் பிடித்தாள். வெள்ளையாக ஒன்று தெரிந்தது. நெட்வேர்க் கோளாறு என்று நினைத்தேன், மூடுபனி. முதலில் சுதா கைகூப்பி நின்றது நிழலாகத் தெரிந்தது. அவையடக்கத்தைத் தமிழிலும் நோர்வேஜியனிலும் தானே சொன்னா. உம்மைப் பற்றி ஒரு சொல் இல்லை. மேடையில் அதுதான் முறை என்று நீர் சொல்லியிருப்பீர்.

பிறகு தோணிகள். சுதாவின் குரல் உம்முடையதைவிட மெல்லியது.

“ஆர் அங்க?”

நின்றா. ரீகாப் பதிவில் உள்ள அமைதி முடிந்து போனது. அதற்கு மேலும் நின்றா. யாரோ இருமினார்கள். அவ அடுத்த வசனத்துக்குப் போகவில்லை. அப்போது மேடையில் இல்லாத ஒரு குரல், சபையின் பின்பக்க இருட்டிலிருந்து, சத்தம் போடாமல், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினவருக்குச் சொல்வது போலச் சொன்னது:

“நாங்கதான்.”

மீராவின் கைபேசி சாய்ந்தது. படம் கூரையைக் காட்டியது, பிறகு அவளுடைய முழங்காலை. அதன் பிறகு இல்ஸேயின் குரல், லத்வியத்தில், தன் முறை வந்ததும் கூப்பிட்டது. நாடகம் நடந்தது.

அடுத்த நாள் மீராவிடம் யார் அது என்று கேட்டேன். திரும்பிப் பார்க்க மனம் வரவில்லை என்றாள். பிறகு, “மாமா, அப்பாட பதிவெண்டா அந்தாள் சொல்லியிருக்காது, என்ன?” என்றாள். ஓம் என்றேன். ஒரு வயதானவர் என்கிறா சுதா. பெண்குரல் என்று இல்ஸே சத்தியம் செய்யாத குறை. டிக்கெட் வாங்கி வந்த தமிழர் பலர் இருந்திருக்கிறார்கள். யாரும் நான்தான் என்று ஒப்புக்கொள்ளவில்லை. முப்பது வருடம் அவர்களைப் பஸ்ஸில் ஏற்றி இறக்கியவர் நீர். இருந்திருந்தால் குரலைக் கேட்டே எந்தத் தரிப்பில் இறங்குகிற ஆள் என்று சொல்லியிருப்பீர். எனக்கு அது தெரியாது. எதையும் பெரிதாக விசாரித்துப் பழகாதவன், இப்போது பேர்கனிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.